எத்தனை துளை என்பதா கேள்வி?

பெங்களூரில் பேருந்தில் செல்வோர் அந்த விளம்பரப் பலகைகளுக்குத் தப்ப முடியாது. வீட்டு மனை விற்பவனுக்கும் தங்க நகை விற்பவனுக்கும் நடுவே, வெள்ளைச் சட்டை அணிந்த மருத்துவர் ஒருவர் கைகட்டிப் புன்னகை புரிந்து நிற்கிறார். ஒரே துளை, தழும்பே இல்லை, மறுநாளே வீடு என்பது அவர் நமக்கு அளிக்கும் வாக்குறுதி. மருத்துவமும் கடைச்சரக்காகிவிட்ட காலத்தில் இதில் வியப்பென்ன என்று கேட்பீர்கள். வியப்பில்லைதான். ஆனால் அந்தப் பலகையின் அடியில், குடல்வால், பித்தப்பை முதலிய அவசர நோய்களுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் என்று சிறு எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிதான் என்னை எழுதத் தூண்டியது.

குடல்வால் வீங்கிச் சீழ் கட்டி, உயிருக்கு மன்றாடிக் கிடப்பவனிடத்தில் தழும்பைப் பற்றிப் பேசுவது, கூரை பற்றி எரிகையில் சுவருக்கு என்ன வண்ணம் பூசலாம் என்று கேட்பதை ஒக்கும். இவ்வாறு நான் சொல்வதால் என்னைப் புதுமைக்குப் பகைவன் என்று எண்ணிவிட வேண்டா. நான் இயந்திரப் பொறியியல் பயில்பவன். கருவிகளின் மீது காதல் கொண்டவன். மருத்துவக் கல்லூரித் தோழர்கள் சிலரைக் கேட்டும், நூலகத்தில் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை வைத்தே பேசுகிறேன்.

வயிற்றைத் திறக்காமலே வயிற்றுக்குள் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு வயது நூறுக்கு மேல். 1901-இல் ஜெர்மனியில் கெல்லிங் என்பார் ஒரு நாயின் வயிற்றறைக்குள் காற்றைச் செலுத்தி, குழாய்க் கண்ணாடி கொண்டு உள்ளே நோக்கினார். 1910-இல் சுவீடன் நாட்டு யாக்கோபேயஸ் மனிதரிடத்தில் அதனைச் செய்து காட்டினார். அதன் பின்னர் நெடுங்காலம் அது பெரும்பாலும் பார்ப்பதற்கான கருவியாகவே இருந்தது. பார்க்கத் துணிந்தவர்கள் அறுக்கத் துணியவில்லை. 1980-இல் கீல் நகரத்துப் பேராசிரியர் குர்ட் செம் துணிந்தார். அவர் மகளிர் நோய் மருத்துவர். சிறு துளைகளின் வழியாகவே ஒரு குடல்வாலை வெட்டி வெளியே எடுத்தார். அதற்கு அவர் பெற்ற பரிசு யாது தெரியுமா? அவரை மருத்துவத் தொழிலிலிருந்து விலக்க வேண்டும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத்தின் தலைவர் எழுதினார்! அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, இப்படிப்பட்ட வேலையில் இறங்குகிறவருக்கு மூளைக் கோளாறு இருக்கக்கூடும் என்று உடன் பணியாற்றியோர் ஐயுற்று, அவரை மூளைச் சோதனைக்கு உட்படுத்தினர் என்றும் படித்தேன். 1985-இல் அதே நாட்டில் எரிக் மூஹே பித்தப்பையை இம்முறையில் அகற்றினார். அவரையும் முதலில் ஏளனமே வரவேற்றது.

நம் நாட்டில் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 1990-இல் தெஹெம்டன் உத்வாடியா முதன்முதலாக இவ்வாறு பித்தப்பையை அகற்றினார். 1972 முதலே அவர் அந்தக் குழாய்க் கண்ணாடியைக் கொண்டு ஏழை நோயாளிகளின் வயிற்று நோய்களைக் கண்டறிந்து வந்தவர். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருவி நம் மண்ணில் கால் வைத்தது செல்வர் வீட்டு முகப்பின் வழியாக அன்று. அரசு மருத்துவமனையின் இலவசப் படுக்கை வழியாக.

இனி, துளைக் கணக்குக்கு வருவோம். வழக்கமான முறையில் மூன்று துளைகள். தொப்புளருகே ஒன்று, அதன் வழியே கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உப்பச் செய்து, ஒளியும் கண்ணும் பொருந்திய குழாயை உள்ளே விடுகிறார்கள். மற்ற இரண்டு துளைகளும் சற்று விலகி இருக்கும். ஒன்றின் வழியே இடுக்கி, மற்றொன்றின் வழியே கத்திரி. மூன்றும் மூன்று திசைகளிலிருந்து வந்து ஒரு புள்ளியில் கூடுவதால், மருத்துவரின் இரு கைகளும் ஒன்றையொன்று தடுக்காமல் இயங்குகின்றன.

ஒற்றைத் துளை முறையில் தொப்புளுக்குள்ளேயே இரண்டு அல்லது இரண்டரைச் சென்டிமீட்டர் கீறி, அந்த ஒரே வாயில் வழியாகக் கண்ணையும் இரு கைகளையும் நுழைக்கிறார்கள். காயம் ஆறியபின் தொப்புளின் மடிப்பில் மறைந்துவிடுகிறது. அதுதான் அதன் அழகு. ஆனால் ஒரே குடத்தின் வாய்க்குள் மூன்று அகப்பைகளை விட்டுத் துழாவிப் பாருங்கள்! ஒன்று மற்றொன்றில் இடிக்கும். இடக்கையை அசைத்தால் கண் அசையும். பொறியியல் மாணவன் எவனும் இதைக் கேட்ட மாத்திரத்தில் தலையசைப்பான். நெம்புகோல்கள் யாவும் ஒரே ஆதாரப் புள்ளியில் சிக்கிக்கொண்டால் என்னாகும் என்பது நமக்கு முதலாண்டுப் பாடம்.

இருப்பினும் திறமைசாலிகள் இதனைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1992-இலேயே அமெரிக்காவில் பெலோசி ஒற்றைத் துளை வழியே குடல்வாலை அகற்றினார். நம் கோவையைச் சேர்ந்த மருத்துவர் பழனிவேலுவும் அவர் குழுவினரும், தொப்புள் வழியாக வளையும் உள்நோக்கியைச் செலுத்திக் குடல்வாலை எடுத்த தம் முயற்சியின் விளைவுகளை 2008-இல் உலக மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள். தமிழகத்தின் ஒரு நகரம் உலக அறுவை மருத்துவத்தோடு தோளோடு தோள் நின்றது என்பதில் நமக்குப் பெருமிதம் உண்டு, இருக்கவும் வேண்டும்.

ஆனால் பெருமிதம் வேறு, கணக்கு வேறு. உலக அவசர அறுவை மருத்துவச் சங்கத்தார் குடல்வால் அழற்சிக்கென 2016-இல் எருசலேம் நெறிமுறைகள் என்ற பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டு, 2020-இல் அதனைப் புதுப்பித்தார்கள். ஆய்வுகள் பலவற்றையும் எடை போட்டு அவர்கள் கண்ட முடிவு இது: ஒற்றைத் துளையைவிட வழக்கமான மூன்று துளையே பரிந்துரைக்கத் தக்கது, அதில் அறுவைக்கு ஆகும் நேரம் குறைவு, பின்வரும் வலி குறைவு, காயம் சீழ்ப்பிடிப்பதும் குறைவு. வலி குறைவு என்ற சொல்லைக் கவனியுங்கள். துளை குறைந்தால் வலி குறையும் என்றுதானே பலகை நம்மிடம் சொல்கிறது? சிறு துளை மூன்றைவிடப் பெருந்துளை ஒன்று கூடுதலாக வலிக்கக்கூடும் என்பதை அது சொல்வதில்லை. தொப்புளில் பெரிய வாயில் வைத்தால், பின்னாளில் அவ்விடம் தளர்ந்து குடல் பிதுங்கும் அச்சமும் சற்றுக் கூடுதல்.

குடல்வால் ஒன்றுதான் அவசரம் என்பதில்லை. இரைப்பைப் புண் ஓட்டையாகி அமிலம் வயிற்றறையில் கொட்டுவது உண்டு; குடல் முறுக்கிக்கொண்டு அடைப்பது உண்டு; கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து உள்ளே குருதி பெருகுவதும் உண்டு. ஓட்டையை அடைக்க உள்ளேயே தையல் போட வேண்டும். அடைபட்ட குடலோ உப்பி நின்று, கருவி நுழையவும் இடம் கொடாது. சீழும் குருதியும் நிரம்பிய வயிற்றைக் கழுவி எடுக்க இரு கைகளும் தாராளமாக இயங்க வேண்டும். இங்கெல்லாம் நல்ல மருத்துவர் ஒரு துளையில் தொடங்கினாலும், தேவையென்று கண்டால் இரண்டாவது துளையைப் போடுவார். அதுவும் போதாதெனில் வயிற்றைத் திறப்பார். அவ்வாறு செய்வது தோல்வி என்று எந்த மருத்துவ நூலும் கூறவில்லை. விளம்பரப் பலகைக்குத்தான் அது தோல்வி.

தொடக்க நிலைக் குடல்வால் அழற்சி, ஒல்லியான உடல், கை பழகிய மருத்துவர் என்று எல்லாம் பொருந்தி வருமிடத்தில், விரும்புகிறவர்க்கு ஒற்றைத் துளை செய்வதில் பிழையில்லை. எனக்கு வழக்கு அதனோடன்று. அவசர நோயாளியின் முன்னே விலைப்பட்டியலை நீட்டி, துளை குறைந்தால் மருத்துவம் உயர்ந்தது என்று நம்பவைக்கும் வாணிகத்தோடுதான் வழக்கு.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் விடுதித் தோழன் ஒருவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தருமபுரிப் பக்கத்துச் சிறு உழவர் வீட்டுப் பிள்ளை. இரவு தொப்புளைச் சுற்றி வலி என்றான், வாந்தி எடுத்தான். விடுதிச் சாம்பாரின் கைவரிசை என்று எல்லாரும் நினைத்து, சோடா வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். விடியற்காலையில் வலி வலப்பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. ஆட்டோவில் ஏற்றி அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. குடல்வால்தான், உடனே எடுக்க வேண்டும் என்றார் பணியிலிருந்த மருத்துவர். அடுத்த நொடியே எழுத்தர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். திறந்த அறுவை இவ்வளவு, மூன்று துளை இவ்வளவு, ஒரு துளை இவ்வளவு. மூன்றாவது தொகை இரண்டாவதைப்போல் ஒன்றரை மடங்கு.

ஊரிலிருந்த தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்தோம். "இதிலே எது ஒசத்தின்னு கேளுங்க தம்பி. நெலத்தை வெச்சாவது கட்டறேன். பையன் பொழைச்சா போதும்" என்றார் அவர். எது உயர்ந்தது என்று எழுத்தரைக் கேட்டால் அவர் எதைச் சொல்வார்? விலை உயர்ந்ததைத்தான் சொன்னார். ஒற்றைத் துளை வல்லுநர் நகரின் மறுகோடியில் இருந்தார். வருவதற்குச் சற்று நேரமாகும் என்றார்கள். அந்தச் சற்று நேரம் என்பது, சில்க் போர்டு சந்திப்பை அறிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மூன்று மணி நேரமாயிற்று. நடுவில் தோழன் திடீரென்று வலி குறைந்துவிட்டது என்றான். நாங்கள் மகிழ்ந்தோம். பணி மருத்துவர் முகம் மாறியது. உள்ளே வெடித்துவிட்டால் சில வேளை அப்படித்தான் வலி தணிந்ததுபோல் தோன்றுமாம். வல்லுநருக்குக் காத்திராமல் அவரே மூன்று துளையிட்டுச் சீழைக் கழுவி, வடிகுழாய் வைத்து முடித்தார். ஒன்பது நாள் படுக்கை; அந்தப் பருவத் தேர்வு போயிற்று. மூன்று மணி நேரம் முன்னதாகச் செய்திருந்தால் வெடித்தே இராது என்று அறுதியிட்டுரைக்க என்னால் இயலாது. ஆனால் அந்த மூன்று மணி நேரம் மருத்துவத்திற்காகச் செலவாகவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அவன் வயிற்றில் இப்போது நான்கு தழும்புகள். அவற்றை எண்ணி அவன் வருந்தி நான் கண்டதில்லை.

அவனாவது மருத்துவமனை வாயிலில் கிடந்தான். வாயிலையே காணாதவர்கள் எத்தனை பேர்? திடீர் வயிற்று நோய்களால் 2010-இல் இந்தியாவில் எழுபது வயதுக்குட்பட்டோர் சுமார் 72,000 பேர் மாண்டார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. நாடு முழுவதும் இறப்புக் காரணங்களைத் திரட்டிய பத்து இலட்சம் இறப்பு ஆய்வின் அடிப்படையில் எழுந்த அக்கட்டுரை 2015-இல் வெளிவந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் சிற்றூரார். பெரும்பாலோர் வீட்டிலேயே உயிர் விட்டவர்கள். போதிய வசதியுள்ள மருத்துவமனை எல்லாருக்கும் 50 கிலோமீட்டருக்குள் இருந்திருந்தால், ஏறத்தாழ 50,000 பேர் பிழைத்திருக்கக்கூடும் என்கிறது அதே ஆய்வு. ஐம்பதாயிரம் பேர்! இவர்களைக் கொன்றது துளையின் எண்ணிக்கையா? வயிற்றுக்கும் கத்திக்கும் இடையே கிடந்த சாலையின் நீளம் அல்லவா?

கோலார் தங்கவயலிலிருந்து இங்கே படிக்க வந்திருக்கும் நண்பர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. சுரங்கம் இருந்தவரை அதன் தொழிலாளர்க்கெனச் சுரங்க மருத்துவமனை அடுத்தே இருந்தது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டதும் அந்த மருத்துவமனையும் கைவிடப்பட்டது. தாத்தா வீட்டுக்கருகில் கிடைத்த மருத்துவத்தைத் தேடிப் பேரன் தொடர்வண்டி ஏறுகிறான் என்றால், இதை வளர்ச்சி என்று எந்த அகராதி சொல்லும்?

இவ்விடத்தில்தான் ஒற்றைத் துளைக்கு நான் மறுபடியும் கைகூப்புகிறேன். அதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. பலகைகளில் காணக் கிடைக்காத முகம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஞானராஜ் என்னும் அறுவை மருத்துவர் அசாமிலும் வடகிழக்கு மலைநாடுகளிலும் பல்லாண்டு பணி புரிந்தவர். கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அறுவை மருத்துவரையே கண்டிராத ஊர்களில் முகாமிட்டு அறுவை செய்தவர். அவ்வூர்களில் இரண்டு பஞ்சங்கள். கரியமில வாயு உருளை மலையேறி வருவது அரிது; முழு மயக்கம் கொடுக்கும் மருத்துவர் கிடைப்பது அதனினும் அரிது. வாயுவால் வயிற்றை உப்பச் செய்தால் பொதுவாக முழு மயக்கம் வேண்டும். அவர் என்ன செய்தார்? தொப்புளருகே ஒரு கீறல். அதன் வழியே ஒரு வளைகம்பியை நுழைத்து, வயிற்றுச் சுவரைப் பந்தற்காலில் துணியைத் தூக்கிக் கட்டுவதுபோல் மேலே தூக்கி நிறுத்தினார். வாயு வேண்டியதில்லை. வாயு இல்லையென்றால் அது கசியாமல் காக்கும் விலையுயர்ந்த அடைப்பான்களும் வேண்டியதில்லை. முதுகுத்தண்டில் ஓர் ஊசி போதும். அந்த ஒரே கீறல் வழியாகச் சாதாரண அறுவைக் கருவிகளையே நுழைத்துக் குடல்வாலை எடுத்துவிடலாம். செலவு குறைவு, கற்பது எளிது என்று அவரும் அவருடைய கூட்டாளியும் மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். பின்னர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் இந்திய மருத்துவர்களோடு சேர்ந்து, அந்தத் தூக்கு கருவியைச் செப்பம் செய்து, சிற்றூர் அறுவை மருத்துவர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்கள்.

பார்த்தீர்களா? அதே ஒற்றைத் துளைதான். இங்கே அது விலையை ஏற்றுகிறது, அங்கே இறக்குகிறது. இங்கே நிறுவனங்கள் விற்கும் சிறப்பு வாயிற்கருவியை ஒருமுறை பயன்படுத்தி எறிகிறார்கள். அதற்கு மாற்றாக, சாதாரண ரப்பர்க் கையுறையைக் கீறலின் வாயில் பொருத்தி, அதன் விரல் நுனிகளைக் கத்தரித்து, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒவ்வொரு கருவியை நுழைக்கும் உத்தியும் உலகெங்கும் உண்டு. கையுறையின் விலை நமக்குத் தெரியும்! ஆனால் கையுறையைப் பலகையில் எழுதி விளம்பரம் செய்ய எவருக்கும் மனம் வராது.

இது மருத்துவ மாணவர் கவலை, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. அந்தத் தூக்கு கருவியைப் பிரித்துப் பார்த்தால் அதில் என்ன இருக்கிறது? ஒரு தாங்கி, ஒரு கை, ஒரு திருகு, ஒரு வளையம். நாம் ஆண்டுதோறும் செய்முறைத் திட்டமென்று எதையெதையோ செய்து, மதிப்பெண் வாங்கியதும் பரண்மேல் போடுகிறோமே, அந்த உழைப்பில் பாதியை இத்தகைய கருவிக்குக் கொடுத்தால் ஆகாதா? கொதிநீரில் தூய்மை செய்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய கருவி, மின்சாரம் நின்றாலும் நின்றுவிடாத விளக்கு, தாலுகா மருத்துவமனையின் பொறிவினைஞரே பழுது பார்க்கக்கூடிய தாங்கி, இவை பெங்களூர்ப் பட்டறைகளில் பிறக்க முடியாத பொருள்களா?

அதற்கெல்லாம் ஆண்டுகள் ஆகும். உடனே செய்யத்தக்க சிலவும் உண்டு. அவற்றை நம் மன்றமே செய்யலாம். நம் விடுதிகளில் ஊர்விட்டு வந்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு இரவு இரண்டு மணிக்கு எங்கே போவதென்று தெரியும்? விக்டோரியா மருத்துவமனை 1900-இல் திறந்தது முதல் இந்நகரின் ஏழைகளைத் தாங்கி வருகிறது. சிவாஜிநகரில் போரிங் மருத்துவமனை இருக்கிறது. இவ்விரண்டின் பெயரும் தெரியாமலே நான்காண்டு படித்துப் பட்டத்தோடு போகிறவர்களை நான் அறிவேன். தொப்புளில் தொடங்கிய வலி வலப்பக்கம் இறங்கினால் சோடா குடிக்காதே, உடனே 108-ஐ அழை என்று ஒவ்வொரு விடுதிச் சுவரிலும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்ட ஐம்பது ரூபாய் ஆகுமா?

பணத்திற்கும் வழி உண்டு. இதே கருநாடகத்தில் 2003-இல் கூட்டுறவு உழவர்களுக்கென யஷஸ்வினித் திட்டம் தொடங்கியபோது, ஓர் உழவர் மாதத்துக்குச் செலுத்தியது 5 ரூபாய். பலர் கூடிப் போட்ட அந்தச் சிறு காசு பல ஆயிரம் பேரின் அறுவைச் செலவைத் தாங்கியது. நம் மன்றத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் இருபது ரூபாய் ஒதுக்கினால், நள்ளிரவில் முன்பணம் கேட்கும் எழுத்தரின் முன்னே எந்தத் தோழனும் தந்தையின் நிலத்தை நினைத்துக் கலங்கி நிற்க வேண்டியதில்லை. ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடும் செலவைச் சற்றுக் குறைத்தாலே தொடக்க நிதி திரண்டுவிடும் என்று பொருளாளர் என்னிடம் தனியே கூறினார். இங்கே அதை வெளியிட்டதற்கு அவர் பொறுத்தருள்க.

இரவு நேரத்திலும் அறுவை செய்யும் மருத்துவமனைகளின் பட்டியல், விடுதிக்கு இருவராகத் தொண்டர்கள், ஓர் அவசர நிதி ஆகிய மூன்றையும் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். மருத்துவக் கல்லூரித் தோழர் ஒருவர் பட்டியலைச் சரிபார்த்துத் தர இசைந்திருக்கிறார். வழிமொழிவதற்கு ஒருவர் வேண்டும். தொண்டர்களாகப் பெயர் கொடுப்போரும் வேண்டும். பெயர்ப் பதிவேடு மன்ற அறையில், செய்தித்தாள் மேசையின் மேல் இருக்கிறது.